கரும்பினுள் குடியிருப்போர்

பொங்கலுக்குக் கரும்பை வெட்டுகையில் ஓரறிவுயிர் ஒன்றை வெட்டுவதாகவே நாம் எண்ணியிருந்தோம். பிரேசில் நாட்டில் யோகான்னா டோபரைனர் என்னும் அம்மையார் உடன் ஆய்ந்தவரோடு 1988-இல் வெளியிட்ட ஆய்வு அவ்வெண்ணத்தைக் குலைத்தது. கரும்பின் வேரிலும் தண்டிலும் ஒருவகை நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றுகின்றன. வேர் வளர்ச்சியைத் தூண்டும் பொருளையும் சுரக்கின்றன. கரும்பின் இனிப்பே அவற்றுக்கு உணவு. அவரைக் குலத்துச் செடிகளின் வேர்முடிச்சை மட்டுமே பல்லாண்டு பாடஞ்சொன்ன நமக்கு இது புதுப்பாடம்.

இவ்வுதவியை அறமெனலாமா? அறியாது செய்வதில் புண்ணியம் ஏது என்பர் சிலர். உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாவது இயல்பு என்பது நம் ஆகமக் கருத்து. ஆதலின், கொடுப்பது அறியாவிடினும் உபகாரம் உபகாரமே என்போம் நாம்.

நம் மனத்தை உறுத்துவது வேறு. தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டால் கரும்பினுள் அந்நுண்ணுயிர்கள் குறைந்துபோவதாகவும் ஆய்வாளர் கண்டுள்ளனர். ஓரறிவுயிர்க்கு வரும் துன்பத்தை இல்லறத்தார் முற்றும் விலக்க இயலாது. வீணாகச் செய்வதையேனும் விலக்குக என்பர் பெரியோர். பேராசையால் மூட்டை மூட்டையாக யூரியாவைக் கொட்டுவது எதனைச் சேரும்? நம்மவருள் நிலமுடையோர் பலர். கிழங்கை விலக்க அவ்வளவு எண்ணும் நாம், உரமூட்டையை அவிழ்க்கும்போது எண்ணுவதில்லை.