வயிற்றுப் பிள்ளையைக் கேட்டது யார்?

திருவனந்தபுரத்து வீடுகளில் மரச்சீனிக் கிழங்கை அவித்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் உப்பும் மஞ்சளும் அரைத்த தேங்காயும் சேர்ப்பார்கள். வழிவழியாக வந்த கைப்பக்குவம். கிழங்கில் இருக்கும் லினாமரின் என்ற பொருள் சயனைடாகப் பிரியும்; பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். மிஞ்சியது உடலுக்குள் தயோசயனேட்டாக மாறி, தைராய்டு சுரப்பிக்குப் போகும் அயோடினை வழிமறிக்கும். தொட்டுக்கொள்ள மத்தி மீன் குழம்பு இருந்தால் பயம் குறைவு. கடல்மீனில் அயோடின் உண்டு. மீன் வாங்க முடியாத வீட்டில்?

1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய கிழங்கு இது. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வராமல் நின்றபோது திருவிதாங்கூர் ஏழைகளின் பசியாற்றியது. அதைக் குற்றவாளி ஆக்குவது நன்றிகெட்ட செயல். அயோடின் போதிய அளவு கிடைத்தால் கிழங்கால் கேடில்லை.

கடலோரத்தில் அயோடின் குறை வராது என்று நினைப்பவர்கள் பலர். உப்பளத்து உப்பில் இயற்கையாக இருக்கும் அயோடின் மிகச் சொற்பம். மழை அரித்த மண்ணின் விளைச்சலிலும் அப்படியே.

அயோடின் குறைந்தால் வரும் கழுத்துக் கழலை கண்ணுக்குத் தெரிகிறது. கருவின் மூளைக்கு நேர்வது தெரிவதில்லை. முதல் மாதங்களில் சிசு தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பியே வளர்கிறது. அது மிகவும் குறைந்தால் காது கேளாமலும் பேச்சு வராமலும் அறிவு வளர்ச்சி குன்றியும் பிள்ளை பிறக்கலாம். அதைத் தலைவிதி என்றும் முன்வினை என்றும் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆனால் 1956இல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவ ஆய்வாளர் வி. ராமலிங்கசுவாமியின் குழு சில பகுதிகளுக்கு மட்டும் அயோடின் உப்பு கொடுத்தது. அங்கே கழலை வெகுவாகக் குறைந்தது. ஒரு சிட்டிகை உப்பில் தடுக்கக்கூடியதை வினைப்பயன் என்பது, செய்யத் தவறியவர்களைத் தப்பவிடுவது.

அயோடின் உப்பைக் கட்டாயமாக்குவதற்கு எதிரான 'என் உப்பு, என் விருப்பம்' என்ற வாதமும் வலுவானதே. 2000இல் மத்திய அரசு அயோடின் கலக்காத சமையல் உப்பின் விற்பனைக்கு இருந்த தடையை நீக்கியது. அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்த 2005இல் அந்தத் தடையை மீண்டும் அறிவித்தது. 2011இல் உச்ச நீதிமன்றம், உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் அப்படி விதி போட முடியாது என்றது. ஆனாலும் புதிய உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை தொடர்ந்தது.

விருப்பம் என்றால் விரும்புகிறவர் ஒருவர் வேண்டும். இங்கே அதிகம் இழப்பவர் இன்னும் பிறக்கவில்லை; பிறந்தபின் எதையும் தேர்ந்தெடுக்க அவருக்கு வேண்டிய அறிவே இந்த அயோடினைத்தான் நம்பியிருக்கிறது. அவருக்காக அரசு பேசுவது அத்துமீறல் அல்ல, கடமை. ஆனால் கடமை விற்பனைத் தடையோடு முடியாது: தூத்துக்குடியின் சிறு உப்பளக்காரருக்குப் பொட்டாசியம் அயோடேட்டும் அதைக் கலக்கும் கருவியும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கச் செய்வதும் அதே அரசின் பொறுப்பு.