கூட்டத்திற்கு வராதவர்

தோட்டம் வேண்டுமா, வீடு வேண்டுமா என்று கேட்டால் எந்த ஊராரும் இரண்டும் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். இருப்பது ஒரே மனையாக இருக்கும்போதுதான் தர்மசங்கடம் பிறக்கிறது. நியூயார்க் நகரில் மன்ஹாட்டன் பகுதியின் எலிஸபெத் தெருவில் உள்ள ஒரு மனையைப் பற்றிப் பல ஆண்டுகளாக நடந்த விவாதம் அப்படிப்பட்டது.

அந்த நிலம் நகராட்சிக்குச் சொந்தம். 1991-ல் ஆலன் ரீவர் என்ற கலைப்பொருள் வியாபாரி அதை மாத வாடகைக்கு எடுத்தார். குப்பை மண்டிக் கிடந்த இடத்தில் செடிகளை வைத்தார். பழைய சிலைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்னாளில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து அதைப் பொதுத் தோட்டமாகப் பேணினார்கள். 2017-ல், வருமானம் குறைந்த முதியோருக்காக அங்கே 123 வீடுகள் கட்டப்படும் என்று நகராட்சி அறிவித்தது. 2019-ல் நகரசபையும் சம்மதித்தது. தோட்டத்தார் நீதிமன்றம் சென்றார்கள். 2024-ல் மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் நகராட்சியின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் வீடு எழவில்லை. 2025 ஜூனில் அப்போதைய மேயர் எரிக் ஆடம்ஸின் நிர்வாகம் திட்டத்தைக் கைவிட்டது. அதற்கு ஈடாக, வேறு மூன்று இடங்களில் 620-க்கு மேற்பட்ட குறைந்த வாடகை வீடுகள் எழும் வகையில் நில உபயோக விதிகளை மாற்றுவதற்கு ஆதரவு தர அவ்வட்டாரத்து நகரசபை உறுப்பினர் இசைந்தார்.

123 போய் 620 வந்தது, தோட்டமும் பிழைத்தது, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அந்தக் கணக்குத்தான் என் மனத்தை உறுத்துகிறது.

தோட்டத்தை நேசித்தவர்களைச் சுயநலக்காரர்கள் என்று ஏச எனக்கு மனமில்லை. கட்டடங்கள் நெருக்கி நிற்கும் தெருவில் கொஞ்சம் நிழல் என்பது சாமானியமான விஷயமா? நடிகர் ராபர்ட் டி நீரோ, இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்ஸேஸி, பாடகி பாட்டி ஸ்மித் ஆகியோர் தோட்டத்துக்காக மேயருக்குக் கடிதம் எழுதினார்கள். அதிலும் தவறில்லை.

ஆனால் அந்த 123 வீடுகளில் குடியேறியிருக்க வேண்டியவர்கள் யார்? அவர்கள் பெயர் ஒருவருக்கும் தெரியாது, அவர்களுக்கே தெரியாது. இத்தகைய வீடுகளுக்கு அங்கே பிற்பாடு குலுக்கல் முறையில் ஆள் எடுப்பது வழக்கம். எனவே, "என் வீட்டைப் பறிக்காதீர்கள்" என்று கூட்டத்தில் எழுந்து நின்று முறையிட ஒருவராலும் முடியாது. தோட்டத்தை இழப்பவருக்கு முகம் உண்டு. வீட்டை இழப்பவருக்கு முகம் இல்லை.

கண்ணெதிரே இல்லாத ஒருவரை நினைத்துப் பார்ப்பதுதான் கதை எழுதுகிறவனுடைய தொழில். ஆகவே ஒரு மூதாட்டியை நினைத்துப் பார்க்கிறேன். 2017-ல் அவருக்கு 72 வயது என்று வைத்துக்கொள்வோம். குடியிருப்பது லிப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் நான்காம் மாடி. 2025-ல் அவருக்கு 80. மாற்று வீடுகள் எழுந்து, குலுக்கல் நடந்து, சாவி கைக்கு வரும்போது அவருக்கு எத்தனை வயது இருக்கும்? அவர்தாம் இருப்பாரா?

இளைஞனிடம் "பொறு" என்றால் அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். முதியவரிடம் "பொறு" என்பது பல சமயங்களில் "இல்லை" என்பதையே மரியாதையாகச் சொல்வதாகும். நாளைய பலாக்காயைவிட இன்றைய களாக்காயே மேல் என்பார்கள் நம் பெரியவர்கள். நாளைக்குப் பலாக்காயைத் தின்னப் போகிறவர் வேறொருவர் என்றால் என்ன சொல்வது? ஒருவரிடம் பட்ட கடனை இன்னொருவருக்கு ஐந்து மடங்காகக் கொடுத்தாலும் பழைய கடன் தீருமா?

அப்படியானால் தோட்டத்தை அழித்திருக்க வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கலாம். அழிக்காமல் இருந்திருக்கலாம், ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. மாற்று வீடுகள் முதலில் எழ வேண்டும். பழைய திட்டம் அதன் பிறகே ரத்தாக வேண்டும். நடந்தது நேர்மாறு. 2025 நவம்பரில் மேயர் நிர்வாகம் அந்த நிலத்தைப் பூங்காவாகவே அறிவித்துவிட்டது. அன்றைக்கு மாற்று வீடுகளில் ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை. தோட்டத்தாருக்குக் கிடைத்தது கையில் சாசனம். முதியோருக்குக் கிடைத்தது வாக்குறுதி. இருவரில் காத்திருக்கக் கூடியவர் யார் என்று ஒரு கணம் யோசித்திருந்தால், அந்தச் சாசனத்தையும் வாக்குறுதியையும் மாற்றிக் கொடுத்திருப்பார்கள்.