கருவியும் கறையும்

முகத்துவாரம் மணலால் தூர்ந்து, கடல்நீர் வந்துபோகும் வழி அடைபட்டால் ஏரியில் இறால் அருகும் என்பதைப் பழவேற்காட்டு மீனவர் அறிவர். அதற்காக எவரும் இறாலைப் பழிப்பதில்லை. ஆனால் அந்தக் கரையிலும், ஏன், நம் ஊர் ஒவ்வொன்றிலும், மடி நிறையாத மங்கையை மட்டும் 'மலடி' என்கிறோமே!

1978-இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரௌன், அதே ஆண்டு அக்டோபர் 3-இல் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் துர்கா எனச் சோதனைக்குழாய்க் குழந்தைகள் பிறந்தன. நெகிழித் தட்டில், எண்ணெய்க்கு அடியில், அசையாத ஒரு துளி ஊட்டநீரில் கருவை வளர்ப்பதே இன்றும் வழக்கம். தாயின் கருக்குழாயிலோ நீர் மெல்ல நகர்கிறது. ஆகவே, மயிரிழை போன்ற கால்வாய்கள் பொறித்த சிறு சில்லில், புதுநீர் ஊறிவர, கழிவு விலக, கருவை வளர்த்துப் பார்க்கின்றனர் ஆய்வாளர். அவ்வகைச் சில்லு, நன்கு நீந்தும் விந்தணுக்களைப் பிரித்தெடுக்கவும் பயன்படுகிறது. ஆம், ஆணின் விந்தணு! பிள்ளையின்மையில் ஏறத்தாழப் பாதியில் ஆணுக்கும் பங்குண்டு. 'மலடன்' என்ற சொல்லும் தமிழில் உண்டு, வழங்குவோர்தாம் இல்லை!

"கருவி வந்தது, கறை போயிற்று" என்று மகிழும் தோழர்களுண்டு. நாம் அவ்வாறு சொல்லத் துணியோம். கருவியால் போயிற்றென்றால், முன்பு கறை இருந்தது என்றன்றோ பொருள்? இலட்சங்களுக்கு வழியற்ற வலைஞர் வீட்டுப் பெண்ணுக்கும், சிகிச்சை பலிக்காத சீமாட்டிக்கும், பிள்ளையே வேண்டாமென்பவளுக்கும் அது நிலைக்கும் என்றன்றோ பொருள்?

கருவி வரட்டும், அரசு மருத்துவமனை வரை வரட்டும். அச்சொல்லை விட்டொழிக்கக் கருவி எதற்கு? அடுத்த வளைகாப்பில் முதல் வளையலை அவளே அடுக்கட்டுமே!