யாருடைய அச்சம், எதைக் கண்டு அச்சம்?

2009 மார்ச் 5 அன்று அமெரிக்கத் தனிநபர் முதலீட்டாளர் சங்கம் தன் வாராந்தரக் கருத்துக்கணிப்பின் முடிவை வெளியிட்டது. 1987 முதல் அந்தச் சங்கம் உறுப்பினர்களிடம் கேட்டுவரும் கேள்வி ஒன்றுதான்: அடுத்த ஆறு மாதத்தில் பங்குச்சந்தை ஏறுமா, இறங்குமா, இப்படியே கிடக்குமா? அந்த வாரம் 70.3 சதவீதம் பேர் ‘இறங்கும்’ என்றார்கள். அதற்கு முன் அவநம்பிக்கை அந்த உயரத்தைத் தொட்டதே இல்லை. நான்கு நாள் கழித்து, மார்ச் 9 அன்று, எஸ் அண்ட் பி 500 குறியீடு 676.53 புள்ளியில் முடிந்தது. அதுவே அடிமட்டம். அங்கிருந்து தொடங்கிய ஏறுமுகம் 2020 பிப்ரவரி வரை நீடித்தது.

மறுபக்கமும் பதிவாகியிருக்கிறது. 2000 ஜனவரி முதல் வாரத்தில் 75 சதவீதம் பேர் ‘ஏறும்’ என்றார்கள். மார்ச் 10 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு 5,048 புள்ளியில் உச்சம் கண்டது. 2002 அக்டோபருக்குள் அதில் முக்கால் பங்குக்கும் மேல் கரைந்துபோனது.

அப்படியானால் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்தால் போதும் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதமும் நிற்காது. 2008 அக்டோபரிலேயே அவநம்பிக்கை 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ‘எல்லாரும் பயந்தாயிற்று, இனி ஏற்றம்தான்’ என்று அப்போது வாங்கியவர், அடிமட்டம் வருவதற்குள் போட்ட பணத்தில் சுமார் கால் பங்கை இழந்திருப்பார்.

மனநிலையை அளக்கும் இத்தகைய கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்பதற்கு முன்னால், அது எதை அளக்கிறது என்று கேட்க வேண்டும். பிறர் மனம் யாருக்கும் நேராகத் தெரிவதில்லை. தெரிபவை அவர் சொல்லும் செயலும்தான்.

பொருளியலுக்கு இந்தச் சிக்கல் பழையது. உணர்ச்சியை நேரடியாக அளக்க வழியில்லை, அது வாங்கல் விற்றலில் விட்டுச்செல்லும் விளைவுகளைக் கொண்டே மதிப்பிட முடியும் என்று வில்லியம் ஸ்டான்லி ஜெவோன்ஸ் 1871-இல் எழுதினார். பத்தே ஆண்டில் பிரான்சிஸ் எட்ஜ்வொர்த், ஒரு மனிதர் துய்க்கும் இன்பத்தை நொடிக்கு நொடி பதிவுசெய்யும் ‘ஹெடோனிமீட்டர்’ என்ற கருவியைக் கற்பனை செய்தார். அந்தக் கருவியை யாரும் கட்டவில்லை. இன்றைய மனநிலைக் குறியீடுகளில் பலவும் ஜெவோன்ஸ் காட்டிய வழியில் வந்தவை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் உள்ளத்து உணர்வைப் புறத்தே தோன்றும் குறிகளால்தான் அறிகிறது. எட்டு மெய்ப்பாடுகளில் அச்சமும் ஒன்று. ஆனால் தொல்காப்பியர் பட்டியலோடு நிறுத்தவில்லை. அச்சம் எவற்றால் பிறக்கிறது என்றும் வகுக்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறைவன். அச்சம் என்றால் அஞ்சுபவர் ஒருவர் இருக்க வேண்டும், அஞ்சப்படுவது ஒன்றும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் கழற்றிவிட்டால் மிஞ்சுவதை அச்சம் என்று சொல்ல முடியுமா? சந்தைக் குறியீடுகளை உரசிப்பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

‘அச்சக் குறியீடு’ என்று ஊடகங்கள் அழைக்கும் விக்ஸ், ராபர்ட் வேலி என்ற பேராசிரியரின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு 1993-இல் சிகாகோ ஆப்ஷன் சந்தையில் அறிமுகமானது. நிஃப்டி குறியீட்டின் ஆப்ஷன்களை வைத்துக் கணக்கிடும் இந்தியா விக்ஸை தேசியப் பங்குச்சந்தை 2008-இல் கொண்டுவந்தது. சரிவு வந்தால் காத்துக்கொள்ள முதலீட்டாளர்கள், குறித்த விலையில் பின்னர் விற்கவோ வாங்கவோ உரிமை தரும் ஆப்ஷன் ஒப்பந்தங்களை வாங்குகிறார்கள். கேட்பவர் கூடினால் அவற்றின் விலையான பிரீமியம் ஏறும். அந்த விலைகளிலிருந்து, அடுத்த 30 நாளில் சந்தை எவ்வளவு ஆடும் என்று எதிர்பார்க்கப்படுகிறது என்பதை விக்ஸ் கணக்கிடுகிறது. அதாவது, குறியீடு காட்டுவது பாதுகாப்பின் விலையை. காப்பீட்டுப் பிரீமியம் ஏறியதை வைத்து ஊரில் எல்லாரும் நடுங்குகிறார்கள் என்று முடிவுகட்டிவிட முடியாது.

2024 ஆகஸ்ட் 5 இதைத் தெளிவாகக் காட்டியது. ஜப்பானின் நிக்கேய் குறியீடு அன்று 12 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. நியூயார்க்கில் வழக்கமான வர்த்தகம் தொடங்கும் முன்பே விக்ஸ் 65-ஐத் தாண்டியது, மாலையில் 38.57-இல் முடிந்தது. பாசெல் நகரிலுள்ள பன்னாட்டுத் தீர்வு வங்கி இதை ஆராய்ந்தது. வர்த்தகம் மெலிந்திருந்த அந்த நேரத்தில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே விரிந்த இடைவெளியே அந்தத் தாவலுக்குப் பெருங்காரணம் என்று கண்டது. பல கோடிப் பேரின் திகிலாகச் செய்தியில் ஓடிய எண்ணில் பெரும்பகுதி, விலை சொல்வோர் ஒதுங்கி நின்றதன் விளைவு.

கூட்டத்துக்கென்று ஒரு மனம் உண்டா என்பது அடுத்த கேள்வி. பொருளியலாளர் கெய்ன்ஸ் 1936-இல் பங்குச்சந்தையை ஒரு பத்திரிகை அழகுப்போட்டிக்கு ஒப்பிட்டார். அதில் போட்டியாளர், தனக்குப் பிடித்த முகத்தை விட்டுவிட்டு, மற்றவர்கள் எந்த முகத்தைத் தேர்வார்கள் என்று ஊகிக்கிறார். விலையில் படிந்திருப்பது ஒருவரைப் பற்றி ஒருவர் செய்த ஊகங்களின் அடுக்கு.

2024 ஜூனில் இந்தியா இதைக் கண்ணால் கண்டது. தேர்தல் வாக்குக் கணிப்புகளை நம்பி ஜூன் 3 அன்று நிஃப்டி 3 சதவீதத்துக்கும் மேல் ஏறி 23,263-இல் முடிந்தது. மறுநாள் முடிவுகள் வந்ததும் ஏறக்குறைய 6 சதவீதம் விழுந்து 21,884. ஐந்தாம் தேதி மறுபடி 3 சதவீதத்துக்கும் மேல் ஏற்றம். அந்த மூன்று நாளில் தொழிற்சாலைகள் மாறவில்லை, ஊகங்கள் மாறின. மாதாமாதம் எஸ்ஐபி என்னும் தவணை முதலீட்டில் பணம் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் அமைதி எந்த ஆப்ஷன் விலையிலும் பதிவாகவில்லை. குறியீட்டைப் பொறுத்தவரை அவர் இல்லவே இல்லை.

பதிவானவர்கள் நிலை என்ன? 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்தார்கள் என்று இந்தியப் பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் ஆய்வு சொல்கிறது. மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். ஆப்ஷனில் ஒருவர் இழப்பு இன்னொருவர் வருவாய். இழந்தவர், ஈட்டியவர் இருவரின் மனமும் ஒரே எண்ணில் கரைக்கப்பட்டு ‘சந்தை மனநிலை’ என்று பெயர் பெறுகிறது.

இதனால் மனநிலை ஆய்வே வீண் என்று ஆகிவிடாது. நிதியியல் ஆய்வாளர்கள் பேக்கர், வர்க்லர் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, மனநிலையின் ஆட்டம் எங்கே அதிகம் என்று காட்டியது: சிறிய, புதிய, லாபம் ஈட்டாத, மதிப்பிடக் கடினமான நிறுவனங்களின் பங்குகளில். அறிய முடிந்தது குறையும் இடத்தில்தான் மனநிலை விலையை ஆள்கிறது.

எனவே ‘அச்சம் ஏறியது’ என்று செய்தி வரும்போது வாசகர் கேட்க வேண்டியவை தொல்காப்பியர் வழி நிற்கும் அந்த இரண்டு கேள்விகள்: யாருடைய அச்சம்? எதைக் கண்டு அச்சம்? அவற்றுக்கு விடை தராத எண்ணைப் பார்த்துப் பிள்ளைகளின் படிப்புக்கும் முதுமைக்கும் சேர்த்த பணத்தை எடுக்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம்.