ஊர் திரும்புவோனும் உண்மையும்

ஓகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் மன்னார்த் தீவின் ஒழுங்கைகளிலே புதிய முகங்கள் தோன்றத் தொடங்கிவிடும். மடு மாதாவின் ஆவணித் திருவிழாவும் ஐரோப்பியப் பாடசாலைகளின் கோடை விடுமுறையும் ஒரே காலத்தில் வருவதால், பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் கனடாவிலும் குடியேறிவிட்ட எம்மவர்கள் மனைவி மக்களோடு ஊர் திரும்பும் காலம் அது. தோட்டவெளியிலும் அந்நாட்களிலே பனங்கூடல்களுக்கு இடையே வாடகை வான்கள் வந்து நிற்கும். முற்றத்திலே பாய் விரித்துப் பயணப்பெட்டிகள் திறக்கப்படும். சொக்கிலேற்றுப் பொதிகளும் வாசனைப் போத்தல்களும் கைத்தொலைபேசிகளும் உறவின் நெருக்கத்துக்கு ஏற்பப் பங்கிடப்படும். மூன்று கிழமைக்குப் பின்னர் அதே வான் மீண்டும் வரும், அழுகை எழும், ஒழுங்கை பழையபடி வெறிச்சோடிப்போகும்.

இந்த வரவையும் பிரிவையும் பற்றி நம்மவர் நிறையப் பேசுகின்றனர். எவன் எவ்வளவு கொண்டுவந்தான், எவன் கோயிலுக்கு எவ்வளவு கொடுத்தான், எவனுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் வருகிறது, எவனுடைய பிள்ளைகளுக்கு வரவில்லை என்பனவே பேச்சின் பொருள். ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியிலே ஓர் ஒழுக்க வினா கிடக்கின்றது. ஊர் திரும்புகின்றவன் தன் ஊராருக்கு எதனைக் கடன்பட்டிருக்கின்றான்? பணத்தையா, பரிசையா, அன்பையா? அன்றி, இவை யாவற்றுக்கும் முந்தியதான வேறொன்றையா?

என்னோடு ஒரே வாங்கில் இருந்து உயர்தரம்வரை படித்த நண்பன் ஒருவன் 2010ஆம் ஆண்டில் பிரான்சுக்குப் போனான். பதின்மூன்று ஆண்டுகள் அவனால் ஊர் வர இயலவில்லை. அகதி என ஏற்கப்பட்டவனுக்கு வழங்கப்படும் பயண ஆவணத்தைக் கொண்டு அவன் உலகின் பல நாடுகளுக்கும் போகலாம். எந்த நாட்டிலிருந்து ஓடி வந்தானோ அந்த நாட்டுக்கு மட்டும் போகலாகாது. போனால் அவனுடைய அச்சம் உண்மையானதன்று என்று சட்டம் கொள்ளும். இடையிலே அவனுடைய தாய் இறந்தாள். அவளுடைய இறுதி ஊர்வலத்தை நானே கைத்தொலைபேசியில் அவனுக்குக் காட்டிக்கொண்டு நடந்தேன். பின்னர் அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்டிலே அவன் வந்தான்.

அன்று மாலை அவன் வீட்டு முற்றத்திலே கூடியிருந்தவர்களுள் என் வகுப்பு மாணவன் ஒருவனும் இருந்தான். கணிதத்தில் கெட்டிக்காரன். "அண்ணை, அங்க வேலையெல்லாம் சுகமோ?" என்று கேட்டான். நண்பன் சிரித்தான். "வா தம்பி, வந்தாப் பாத்துக்கொள்ளலாம்" என்றான். முற்றம் முழுவதும் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டது, நானும் கலந்துகொண்டேன்.

அன்றிரவே கடற்கரையில் இருவரும் தனித்திருந்தோம். கரைக்கு ஏற்றிய வள்ளமொன்றில் சாய்ந்துகொண்டு, கேட்காமலே அவன் சொல்லத் தொடங்கினான். பரிஸ் நகரத்து உணவுச்சாலை ஒன்றின் நிலவறைச் சமையற்கட்டிலே கோப்பை கழுவியது. பின்னர் அடுப்படிக்கு உயர்ந்தது. காலையில் ஓரிடமும் மாலையில் ஓரிடமுமாக உழைத்து, நள்ளிரவுக்குப் பின் கடைசி வண்டியைப் பிடித்தது. ஓர் அறையிலே நால்வர் முறைவைத்து உறங்கியது. விசா இல்லாத காலத்தில் முதலாளி அரைக்கூலி கொடுத்தபோது வாய் திறவாதிருந்தது. முன்கையிலே எண்ணெய் சுட்ட தழும்புகள் வரிவரியாக இருந்தன. முற்றத்திலே அவன் நீளக்கைச் சட்டை அணிந்திருந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. "உதெல்லாம் அம்மாட்டச் சொல்லேலுமே மச்சான்?" என்று கேட்டான். தாய் இறந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் மறைக்கும் பழக்கம் மட்டும் இறக்கவில்லை.

அடுத்த தவணையில் அந்த மாணவன் பாடசாலைக்கு வரவில்லை. வளவை ஈடுவைத்தும் தமக்கையின் நகையை விற்றும் முகவன் ஒருவனிடம் பணம் கட்டிவிட்டார்கள். போகவேண்டிய நாட்டுக்கு அவன் இன்னும் போய்ச் சேரவில்லை. இடைவழி நாடொன்றிலே அறையொன்றில் கிடக்கின்றான். அவனுடைய தாய் என்னைக் காணும்போதெல்லாம், "சேர், அவன் போயிடுவான்தானே?" என்று கேட்கின்றாள். அவளுக்கு விடை கூறும்போது என் கண் என் மணிக்கட்டுக்குப் போகின்றது. அங்கே நண்பன் தந்த கைக்கடிகாரம் இருக்கின்றது. முற்றத்துச் சொல்லையும் கடற்கரைச் சொல்லையும் ஒருங்கே கேட்டவன் அந்த ஊரில் நான் ஒருவன்தான். நான் பேசவில்லை.

நண்பன் பொய்யனா? அன்பினால் மறைப்பவனைப் பொய்யன் என்று அழைக்க நாக்கு எழாது. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என வள்ளுவரே இடங்கொடுத்துள்ளார். தாயின் உறக்கம் கெடாதிருக்க மகன் தன் தழும்பை மறைத்தான் என்றால் அதனைக் குற்றம் என்பவன் மனிதனல்லன். ஆனால் வள்ளுவர் வைத்த நிபந்தனையை நாம் மறக்கலாகாது. விளையும் நன்மை குற்றமற்றதாக இருத்தல் வேண்டும். தாய்க்குச் சொன்ன பொய் தாயோடு நின்றுவிடுவதில்லை. அது வேலி தாண்டி அயல்வீட்டு முற்றத்துக்குப் போகின்றது. அங்கே ஒரு பிள்ளையின் புத்தகத்தை மூடுகின்றது. ஒரு பெண்ணின் காப்பை விற்கின்றது. தாயின் ஆறுதலுக்கு விலை கொடுத்தவள் வேறொரு தாய். ஆகவே அந்த நன்மை குற்றமற்றதன்று.

பொருள் ஒன்று சந்தைக்கு வந்தவுடன் அதனை ஆக்கிய உழைப்பு கண்ணுக்கு மறைந்துவிடுகின்றது என்பதை 1867இல் வெளிவந்த தம் மூலதனம் என்னும் நூலிலே மார்க்ஸ் விளக்கினார். நம் முற்றங்களிலே திறக்கப்படும் பெட்டியிலும் அதுவே நிகழ்கின்றது. கூலி தெரிகின்றது, உழைப்பு தெரியவில்லை. கைக்கடிகாரம் கை மாறுகின்றது. அதற்காகக் கழுவப்பட்ட கோப்பைகள் எங்கும் காணப்படுவதில்லை. உழைப்பு மறைந்தபின் எஞ்சுவது நாடு ஒன்றின் மந்திரமே. "பிரான்ஸ் கொடுத்தது" என்கிறோம். பிரான்ஸ் கொடுக்கவில்லை, எண்ணெய் சுட்ட ஒரு கை கொடுத்தது.

இது எமது கரைக்குப் புதிய கதையன்று. 19ஆம் நூற்றாண்டிலே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குப் புறப்பட்ட மக்கள் இந்த மன்னார்க் கரையில்தான் இறங்கினார்கள். இங்கிருந்துதான் காடுகளின் ஊடாக மாத்தளை நோக்கிக் கால்நடையாகச் சென்றார்கள். வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையாகி வழியிலேயே பலர் மாண்டார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும், தலைமன்னாருக்குப் புகையிரதமும் ஓடத் தொடங்கின. அவர்களை அழைத்துவந்தவன் யார்? ஊர் திரும்பிய ஒருவன், கங்காணி. தலைப்பாகையும் கோட்டும் அணிந்து தன் கிராமத்துக்கு விருந்தாளியாக வந்தவன். அவனும் ஒரு காலத்தில் கூலியாகப் போனவனே. அவன் கொண்டுவந்த முன்பணம் தெரிந்தது. அதன் பின்னே இருந்த கடன் தெரியவில்லை. அந்தக் கடனைத் தலையில் ஏற்றி ஒரு தோட்டத்திலிருந்து மற்றத் தோட்டத்துக்குத் தொழிலாளியைக் கைமாற்றிய துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

என் நண்பனைக் கங்காணியோடு ஒப்பிடுவது அநீதி என்று எனக்குத் தெரியும். கங்காணிக்கு ஆள்வீதம் காசு கிடைத்தது. என் நண்பனுக்கு ஒரு சதமும் இல்லை. கங்காணியின் நோக்கம் வேறு, இவனுடைய நோக்கம் வேறு. ஆனால் நோக்கம் தூய்மையானதாயின் விளைவும் தூய்மையாகும் என்று கொள்வதற்கில்லை. தலைப்பாகை செய்த வேலையை நீளக்கைச் சட்டையும் செய்கின்றது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தனிமனிதனின் நாக்கிலே பழியைப் போடுவது எளிது; ஊரில் வேலை இருந்தால் பிள்ளை ஏன் போகின்றான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022 மார்ச் மாதத்திலே ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், இரண்டே மாதங்களில் 350 ரூபாவைக் கடந்தது. அதே ஏப்ரலில் அரசு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என அறிவித்தது. பரிசில் கோப்பை கழுவுபவன் அந்த இரண்டு மாதங்களில் மேலதிகமாக ஒரு கோப்பையும் கழுவவில்லை. இங்கே ஆசிரியனும் மீனவனும் ஒரு மணிநேரமும் குறைத்து உழைக்கவில்லை. ஆயினும் அவன் உயர்ந்தான், நாங்கள் தாழ்ந்தோம். 2023இல் வெளிநாட்டு உழைப்பாளர் இந்நாட்டுக்கு அனுப்பிய பணம் ஏறத்தாழ 600 கோடி டொலர். பிள்ளைகளை ஏற்றுமதி செய்துதான் எரிபொருளும் மருந்தும் வாங்கவேண்டிய நிலைக்கு ஒரு நாடு வந்துவிட்டது. இதற்கு என் நண்பனா பொறுப்பு? அன்று. ஆனால் அமைப்பு குற்றவாளி என்பதனால் நாம் வாய்மூடி இருக்கும் உரிமையைப் பெற்றுவிடுவதில்லை. எமது மௌனத்தினாலேதான் அமைப்பு தன் முகத்தை மறைத்துக்கொள்கின்றது.

ஊர் திரும்புவோர் அனைவரையும் ஊர் ஒரே கண்ணால் பார்ப்பதுமில்லை. சவூதியிலும் குவைத்திலும் வீட்டு வேலை செய்துவிட்டு இரண்டு ஆண்டுகள் கழித்து வரும் பெண்ணுக்காக யாரும் முற்றத்தில் பாய் விரிப்பதில்லை. அவளுடைய கடவுச்சீட்டு எசமானின் அலுமாரியில் இருந்தது என்பதைக் கேட்க ஊருக்குப் பொறுமை இல்லை. அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றிக் கதைக்கவோ நேரம் நிறைய உண்டு. மூதூரிலிருந்து வயதை உயர்த்திய கடவுச்சீட்டோடு அனுப்பப்பட்ட ரிசானா நபீக்குக்கு 2013 ஜனவரி 9ஆம் நாள் சவூதியிலே மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அன்று நாடே அழுதது, ஆனால் உயிரோடு திரும்பும் பெண்களிடம், "என்ன நடந்தது பிள்ளை?" என்று கேட்கும் பழக்கத்தை நாம் கற்றுக்கொள்ளவில்லை.

எமக்கு அயலூரான எருக்கலம்பிட்டியின் முஸ்லிம் மக்கள், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலே நீண்டகாலம் அகதிகளாய் வாழ்ந்தார்கள். அவர்களும் தம் வீட்டைப் பார்க்க வந்தவர்களே. கூரை அற்ற சுவரையும் புதர் மூடிய கிணற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை எத்தனை பேர் எதிர்கொண்டு அழைத்தோம்? வள்ளம் ஏறி இராமேசுவரம் போய்த் தமிழக முகாம்களில் முதுமை எய்தியவர்கள் திரும்பி வந்தபோதும் பெட்டி திறக்கப்படவில்லை, கூட்டமும் சேரவில்லை. விருந்தோம்பல் தமிழரின் அறம் என்கிறோம். நாணய மாற்று விகிதத்தைப் பார்த்து ஏறி இறங்கும் ஒன்றை அறம் என்று எவ்வாறு அழைப்பது?

வருகின்றவன் பொய் சொல்கின்றான் என்றால், அந்தப் பொய்யை அவனிடம் கேட்டு வாங்குகின்றவர்கள் நாமே. குடியேறிய நாட்டு அதிகாரியின் முன் அவன் தன் அச்சத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. ஊர் முற்றத்திலே தன் வெற்றியை நிரூபிக்க வேண்டியிருக்கின்றது. தான் உழைத்த உழைப்பைச் சொல்லுவதற்கு மட்டும் அவனுக்கு எங்கும் ஓர் இடமில்லை. அந்த இடத்தை ஆக்கிக் கொடுப்பது ஊரின் கடமை. உண்மையைச் சொல்வது அவன் கடமை என்றால், தோல்வியைச் சொன்னவனையும் தோளில் கைபோட்டு அழைத்துச் செல்வது எமது கடமை.

1544இல் சங்கிலி மன்னன் காலத்திலே கொல்லப்பட்ட வேதசாட்சிகளின் நினைவைத் தாங்கிய ஊர் தோட்டவெளி. சாட்சி என்ற சொல் எங்கள் ஊருக்குப் புதிதன்று. கண்டதைக் கண்டபடி சொல்பவனே சாட்சி. இன்று அதற்கு உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை. கொஞ்சம் மதிப்பை இழந்தால் போதும். ஆனால் அந்தக் கொஞ்சமே மனிதருக்குப் பெரிதாக இருக்கின்றது.

சென்ற தவணையிலே நான் நண்பனுக்கு எழுதினேன். அவனுடைய பெயரைக் கூறாது, அவன் சொன்னவற்றை வகுப்பிலே சொல்ல அனுமதி கேட்டேன். நான்கு நாட்கள் பதில் இல்லை. ஐந்தாம் நாள், "சொல்லு மச்சான். சம்பளத்தையும் வாடகையையும் சேர்த்துச் சொல்லு" என்று எழுதியிருந்தான், கணக்கையும் அனுப்பியிருந்தான். அதனைக் கரும்பலகையில் எழுதினேன். வரவு ஒருபுறம், செலவு ஒருபுறம், உழைத்த மணி ஒருபுறம். வகுப்பு அமைதியாக இருந்தது. பின் வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"அப்பிடியெண்டால் சேர், அவர் ஏன் இன்னும் அங்க இருக்கிறார்?"

அந்த ஒரு பாடவேளைக்குள் அவளுக்கு என்னால் விடை கூற முடியவில்லை. கடலில் மீன் யாருக்கு, நிலம் யாருக்கு, படித்தவனுக்கு வேலை எங்கே, டொலரின் விலையை வைப்பவர் யார் என்று அந்த ஒரு கேள்வியிலிருந்து பல கேள்விகள் கிளைக்கின்றன. அடுத்த கிழமையிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம் என்று சொல்லியிருக்கின்றேன். கணக்கைக் கரும்பலகையிலிருந்து அழிக்க வேண்டாம் என்று மாணவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.