இடைக்காலம் யாருக்குச் சொந்தம்?

'தற்காலிகம்' - கேட்பதற்கு எளிய சொல், தீங்கறியாச் சொல். ஆயினும், ஆளுவோர் நாவிலிருந்து அது பிறக்கும்போது, ஆளப்படுவோர் அதனை ஆராயாமல் ஏற்றல் ஆகாது.

1950 ஜனவரி 26ஆம் நாள் இந்திய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மன்னர் கொடி பறந்த ஐதராபாத், மைசூர், திருவிதாங்கூர்-கொச்சி, இராஜஸ்தான் முதலிய நிலப்பகுதிகள் 'பி' பிரிவு இராச்சியங்கள் எனப் பெயர் பெற்றன. மக்கள் வாக்களித்துச் சட்டசபை அமைப்பதற்கோ 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை சட்டமியற்றுவது யார்? 385ஆம் விதி விடை தந்தது: அதற்குமுன் அங்கே சட்டமியற்றி வந்த சபையோ, சபை இல்லையேல் அதிகாரமோ, அப்பணியைத் தொடரலாம்!

சபையோ, அதிகாரமோ! இரண்டும் ஒன்றா? ஒரே தராசில் இரண்டையும் நிறுத்தலாமா?

திருவிதாங்கூரைப் பாருங்கள். 1948இல் வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்த சபை அங்கே இருந்தது. 1949 ஜூலை முதல் நாள் கொச்சியும் அதனோடு இணைந்தது. தென்திருவிதாங்கூர்த் தமிழரின் குறையை எடுத்தியம்ப, நேசமணி போன்றோர்க்கு அம்மன்றத்தில் இடம் இருந்தது. அவர்தம் கோரிக்கை 1956 நவம்பர் முதல் நாளன்றுதான் நிறைவேறியது. எனினும், கேட்பதற்கு ஒரு மன்றம் இருந்தது; கேட்டவர் மக்களின் ஆளாக நின்று கேட்டார்.

ஐதராபாத்தைப் பாருங்கள். 1948 செப்டம்பரில் இந்தியப் படை புகுந்தபின் இராணுவ ஆளுநர் ஆண்டார். 1950இல் வெள்ளோடி என்னும் ஐ.சி.எஸ். அதிகாரி முதலமைச்சரானார். மக்கள் தேர்ந்த சபை 1952 வரை இல்லை.

"இல்லாவிட்டால் என்ன? நல்ல சட்டங்கள் வந்தனவே!" என்பார் உளர். உண்மை, மறைப்பதற்கில்லை. 1949இல் ஜாகீர் முறை ஒழிக்கப்பட்டது. 1950இல் குத்தகை உழவர்க்குக் காப்பளிக்கும் சட்டம் பிறந்தது. உழுதவன் முதுகில் ஏறியிருந்த சுமை இறங்கியதென்றால், அதனை வரவேற்காதவன் மனிதனல்லன்.

ஆனால், அதே ஜாகீர்தார்களுக்கு ஈட்டுத்தொகை எவ்வளவு என்று முடிவு செய்தபோது, குடிகள் தேர்ந்த சபை எதனையும் எவரும் கேட்கவில்லை. கேட்பதற்குச் சபையே இல்லை! கொடுத்ததும் மேலிருந்து, கணக்கிட்டதும் மேலிருந்து. உழவன் பெற்றது நன்மைதான். ஆனால் அது அவனுக்கு அளிக்கப்பட்ட நன்மை. அளிக்கப்பட்டதற்கு நன்றி கூறலாம்; அது ஏட்டளவில் நின்றுவிட்டால் ஏன் என்று எங்கே கேட்பது? கொடை பெற்றவன் கைகூப்புகிறான். உரிமை பெற்றவன் கேள்வி கேட்கிறான். கூப்பிய கையைக் கேள்வி கேட்கும் கையாக்குவதன்றோ மக்களாட்சியின் மாண்பு!

ஏறத்தாழ பதினேழு கோடி வாக்காளருக்குப் பட்டியல் தீட்டுவது ஒரு நாள் வேலையன்று. ஆகவே இடைக்காலம் தவிர்க்க முடியாதது. நாம் கேட்பது, இடைக்காலம் ஏன் என்றன்று. அதன் அறம் என்ன என்று.

நான் பள்ளி ஆசிரியன். நான் வகுப்பில் இல்லாத வேளை சட்டாம்பிள்ளை வகுப்பைக் காக்கிறான். கூச்சலை அடக்கலாம், அடிபட்ட சிறுவனுக்கு மருந்திடலாம், அதற்கு என் வரவை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தேர்வுத்தாளைத் திருத்தி மதிப்பெண் இட அவனுக்கு உரிமையில்லை. நான் வந்ததும், செய்ததையெல்லாம் என்முன் சொல்லியாக வேண்டும்.

நாட்டிலே ஆசிரியர் இடத்தில் இருப்போர் மக்கள். அவர்கள் வரும்வரை நாற்காலியைக் காப்பவர் அவசரத்துக்கு உரியதைச் செய்யட்டும். நீண்ட நாள் நிற்பதை மக்கள் சபையின் முடிவுக்கு விடட்டும். செய்ததற்குக் கணக்குத் தரட்டும். போகும் நாளை முன்னரே குறிக்கட்டும். நாள் குறிக்காத தற்காலிகம், பெயர் மாற்றிக்கொண்ட நிரந்தரமே!

'பி' பிரிவு இராச்சியங்கள் 1956இல் மறைந்தன; 385ஆம் விதியும் நீங்கியது. அது எழுப்பிய வினா நீங்கவில்லை. "சில காலந்தான், பொறுங்கள்" என்று எவர் எங்கே சொன்னாலும், திருப்பிக் கேளுங்கள்: "எந்த நாள் வரை? எவர் இசைவோடு?"