தனுஷ்கோடியில் நிற்கும் சுவர்



யோசுவா நாலாம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். யோர்தானைக் கடந்த ஜனங்களிடம் பன்னிரண்டு கற்களை எடுக்கச் சொல்லுகிறார் தேவன். அதுவும் கரையில் கிடந்த கல் அல்ல, ஆசாரியரின் கால்கள் நின்ற ஆற்றின் நடுவிலிருந்து. எதற்காக? பிற்காலத்தில் பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது தகப்பன்மார் சொல்லவேண்டும். அவ்வளவுதான் காரணம். இதை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் எனக்கே அது உறைத்தது போன டிசம்பரில், தனுஷ்கோடியில்.

வாலிபர் கூட்டத்தை வேனில் அழைத்துக்கொண்டு போயிருந்தோம். 2017-ல் திறந்த ரோட்டில் இப்போது அரிச்சல்முனை வரைக்கும் வண்டி போகுது. பிள்ளைகள் கடலைப் பார்த்ததும் ஓடிவிட்டார்கள். நான் மட்டும் இடிந்துபோன ஆலயத்துக்குள் நுழைந்தேன். அது கத்தோலிக்க ஆலயம், நம்ம வழிபாட்டு முறை வேறு. ஆனாலும் உள்ளே நின்றதும் செருப்பைக் கழற்றத்தான் தோன்றியது. கூரை இல்லை. சுவர் மட்டும் நிற்கிறது.

1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி எப்பேர்ப்பட்ட ஊர் தெரியுமா? சென்னையில் ஏறின ஜனங்கள் போட் மெயிலில் வந்து இறங்கி, கப்பல் மாறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்புக்கு ரயில் பிடிப்பார்கள். ரயில்வே ஸ்டேஷன், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், எல்லாம் இருந்தது. 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு புயல் அடித்தது. கடல் எழும்பி ஊருக்குள் வந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் நூறு பேருக்கு மேற்பட்டவர்களோடு தண்ணீருக்குள் போனது, ஒருவரும் பிழைக்கவில்லை. விடிந்தபோது ஊர் இல்லை. குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. ஆனால் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்தார்கள். குடிசை போட்டார்கள். மணலைத் தோண்டினால் ஊறுகிற நல்ல தண்ணீரைக் குடித்து, கரண்டு இல்லாமல் வருஷக்கணக்கில் இருந்தார்கள்.

சங்கு, சிப்பி விற்கிற ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "எங்க மாமியாருக்கு இந்தக் கோயில்லதான் ஞானஸ்நானம் குடுத்தாங்க ஐயா. எம்புள்ளைங்களுக்கு இந்தச் சுவரைத் தொட்டுக் காட்டிருக்கேன்" என்றார்கள். அதோடு விட்டிருக்கலாம். "உங்க ஊருல பழைய கோயில் இருக்குங்களா?" என்றும் கேட்டுவிட்டார்கள். எனக்கு வாய் அடைத்துப்போனது.

ஹெப்ரிடிஸ் எழுப்புதலைப் பற்றி நம் கூட்டங்களில் கேட்டிருக்கிறீர்கள். 1949-ல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், வயதான இரண்டு சகோதரிகளின் ஜெபத்தோடு சேர்த்துச் சொல்லுவோமே, அதுதான். அதற்கும் மேற்கே, நடுக்கடலில் செயின்ட் கில்டா என்று ஒரு தீவுக்கூட்டம். கடற்பறவைகளைப் பிடித்துச் சாப்பிட்டும், ஆடு வளர்த்தும் தலைமுறை தலைமுறையாய்ப் பிழைத்த ஜனங்கள். வியாதியும் பசியும் வந்து, வாலிபர்களும் வெளியேறிப்போக, மீதி இருந்த 36 பேரும் தாங்களே விண்ணப்பம் எழுதிக்கொடுத்து 1930 ஆகஸ்ட் 29-ல் கப்பலேறினார்கள். புறப்படும்போது வீட்டுக்கு வீடு வேதாகமத்தைத் திறந்துவைத்து, பக்கத்தில் கொஞ்சம் தானியமும் வைத்துவிட்டுப் போனார்களாம். ஊரையே விட்டுப்போகிறவர்கள் செய்தது அது.

நான் ஊரிலேயே இருந்துகொண்டு செய்ததைச் சொல்லுகிறேன். நம் சபை வேப்பூரில் கீற்றுக் கொட்டகையில் ஆரம்பித்தது என்று மூத்தவர்களுக்குத் தெரியும். கான்கிரீட் கட்டடம் எழும்பினபோது பழைய மர அலமாரியை நான்தான் காலி செய்தேன். முதல் போதகர் கைப்பட எழுதின ஞானஸ்நான நோட்டு அதில் இருந்தது. கரையான் அரித்திருந்தது. பழைய பேப்பரோடு பேப்பராய்க் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். வேதாகமக் கல்லூரியில் சபை சரித்திரம் படித்துப் பரீட்சை எழுதினவன் நான்! எந்தெந்த நாட்டுச் சரித்திரமோ மனப்பாடம், சொந்தச் சபையின் முதல் விசுவாசிகளின் பெயர் எடைக்கு.

ரோமர் பதினாறாம் அதிகாரத்தை அவசரமாய்த் தாண்டிப் போகாதீர்கள். வெறும் பெயர்கள் என்று நினைக்கிறோம். பெபேயாள், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா... யார் கழுத்தைக் கொடுத்தது, யார் வீட்டில் சபை கூடினது என்று பவுல் ஒவ்வொருவராய் நினைத்து எழுதச் சொல்லுகிறார். பரிசுத்த ஆவியானவர் அதை வீண் என்று தள்ளிவிடவில்லையே!

திரும்பி வந்ததும் சபையிலேயே மூத்த தாயாரின் வீட்டுக்குப் போய் நடந்ததை ஒப்புக்கொண்டேன். கோபிப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் எழுந்துபோய் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றின வெள்ளைப் பீங்கான் கோப்பையை எடுத்து வந்தார்கள். விளிம்பில் சின்னதாய் உடைசல். விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு சகோதரர் முதல் இராப்போஜனத்துக்குக் கொடுத்ததாம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். பதினேழு பெயர் வந்தது. அதில் நாலு பேரின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் நம்மோடு ஆராதிக்கிறார்கள், அவர்களுக்கே இது தெரியாது. இரண்டு பெயர் தொண்டைவரை வந்து நிற்கிறது என்றார்கள் அம்மா.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நோட்டோடு முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பழைய போட்டோ, பாட்டுப்புத்தகம், கடிதம் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். கோப்பையை அம்மாவே கொண்டு வருகிறார்கள்.